பெண்கள் கேட் சவரியம்மாள்

கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, டீக்கடை பெஞ்சைத் தட்டிப் பார்க்கிறாள் சவரியம்மாள். பிறகு குனிந்து அதன் அடிப்பக்கத்தைத் தடவுகிறாள். சூட்டுக்கோல் போட்டுப் பதித்த எழுத்துகள் விரலில் தட்டுப்படுகின்றன: மங்கள விலாஸ். கடைக்காரர் சடையப்பனுக்குத் திடீரென்று சர்க்கரை டப்பாவுக்குள் ஏதோ தேட வேண்டியிருக்கிறது.

"இன்னா மச்சான், பெஞ்சி ஷோக்கா இருக்குதே. ஒங்க பாட்டன் சொத்தா?"

"புயல்ல தண்ணியில மெதந்து வந்துச்சி சவரி."

"மெதந்து வந்து, நேரா ஒங்க கடை நெழலு பாத்து ஒக்காந்துகிச்சாக்கும். புத்தியுள்ள பெஞ்சி!"

கடலூர் பழைய டவுனில் மங்கள விலாஸ் டாக்கீஸை அறியாதவர் கிடையாது. நாடகக் கொட்டகையாகப் பிறந்து, ஊமைப் படம் காட்டி, பிறகு பேசக் கற்றுக்கொண்ட கட்டடம் அது. போன புயல் அதன் கூரைத் தகரத்தைக் கொண்டுபோனது. மிச்சத்தை ஊர் கொண்டுபோனது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆளுக்கொன்றாக அள்ளினார்கள். திரைத்துணி நெல் காயவைக்கப் போயிற்று. 'பெண்கள்' என்று எழுதிய பலகை ஒருவர் வீட்டுக் கொல்லைக் கக்கூஸுக்குக் கதவாகி, அங்கே ஆண்களும் போய்வருகிறார்கள்.

அந்தப் பலகை தொங்கிய சந்து வாசலில்தான் சவரியம்மாள் இத்தனை வருஷமும் டிக்கெட் கிழித்தாள். உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஆள் உயரச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வைத்ததுதான் சட்டம். அழும் குழந்தையை வெளியே தூக்கிப்போவாள். பெரிய கொண்டை போட்டுவந்தால் பின்வரிசைக்குத் தள்ளுவாள். டாக்கீஸ் மூடியதிலிருந்து கருவாடு விற்கிறாள். வியாபாரம் மோசமில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. "இப்ப எல்லாரும் என்னை ஏ கருவாடுன்றாங்க. அங்க டாக்கீசு வாசல்ல, கலெக்டராபீசு பெரிய கிளார்க்கு பொஞ்சாதிகூட, சவரிம்மா ஒரு எடம் போடுன்னு கெஞ்சுவா" என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

டாக்கீஸ் முதலாளி ராமாமிர்தம் சிதம்பரத்துக்காரர். கட்டடத்தை மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குக் கிடங்காக வாடகைக்கு விடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், சவரியம்மாள் பஸ் ஏறித் தெற்கு வீதியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். கூடை பக்கத்திலேயே இருந்தது. வீட்டில் அன்று சஷ்டி விரதம். வாடை கூடத்தைத் தாண்டி பூஜை அறைக்குப் போகவே, அவரே எழுந்து வந்துவிட்டார்.

"கூரைய நான் போட்டுடறேன் சவரி. உள்ள ஒக்கார ஒரு பலகை இல்லியே? லைசென்ஸ் குடுக்க வர்ற ஆபீசரு பெஞ்சியத்தான் மொதல்ல பாப்பாரு. பெஞ்சிங்கள நீ சேத்துட்டா டாக்கீஸு. இல்லாட்டி மல்லாட்டை மூட்டைதான்."

"நீங்க தகரத்த வாங்குங்க மொதலாளி" என்றாள் சவரியம்மாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சவரியம்மாளின் வாய் மங்கள விலாஸையே பிழைக்கவைக்கக் கிளம்பியது. சண்டை போடமாட்டாள். மிரட்டமாட்டாள். வீட்டு ஆண்பிள்ளை சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் பழைய கதையை ஆரம்பிப்பாள்.

"ஏன் அண்ணி, ஞாபகம் இருக்குதா? அன்னிக்கு மாட்டினி ஆட்டத்துக்கு நீங்க, ஒங்க ஓரகத்தி, அப்புறம் அந்த..."

அதற்குள் பெஞ்சு வாசலுக்கு வந்துவிடும். சிலசமயம் பெஞ்சோடு ஒரு முழம் பூவும் வரும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அந்த ஊரில் கனமில்லாத மடி குறைவு. வீட்டில் கோயில் பிரதோஷம் என்றும் சர்ச்சில் நவநாள் என்றும் சொல்லிவிட்டுப் படத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். ரஹ்மத் பீவி ஒருத்திதான் பயப்படவில்லை. மாவு மில்லுக்கு என்று சொல்லிவிட்டு வந்து, அரைக்காத கோதுமையோடு வீடு திரும்பிய கதையைத் தன் வீட்டுக்காரரிடம் தானே சொல்லிச் சிரித்துவிட்டு, "பெஞ்ச எடுத்துக்கோ புள்ளே. மொத ஆட்டத்துக்கு எனக்கு எடம் புடிச்சி வையி" என்றாள்.

இந்த வித்தையின் சூட்சுமம் வேறு யாருக்கும் தெரியாது. சவரியம்மாள் ஆரம்பித்த எந்தக் கதையையும் இதுவரை முடித்ததில்லை.

இப்படியே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, ஒரே ஒரு இடம் பாக்கி நின்றது. தேவநாதன் தன் வீட்டுக் கூடத்தில் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் பாதி அங்கேதான் இருந்தன. 'பாதுகாப்புக்காக' எடுத்து வைத்து, அதன் மேல் மெஷின்களையும் ஏற்றிவிட்டார் தேவநாதன். சினிமா குடியைக் கெடுக்கும் என்று தெருமுனைக் கூட்டத்தில் பேசுகிறவர். அவை வராவிட்டால் பெண்கள் பக்கம் பாதி மொட்டைத் தரைதான். வெள்ளிக்கிழமை ஆபீசர் வருகிறார். புதன்கிழமை காலை, கூடையை வாசலில் வைத்துவிட்டு சவரியம்மாள் படியேறினாள்.

"மாமா, நல்லாயிருக்கீங்களா? நம்ம செல்லாயிக்கா எங்க காணோம்..."

தேவநாதன் கையை உயர்த்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"ஸ்டாப். ஒன் வித்தைய நானும் கேள்விப்பட்டேன். என் வீட்டுப் பொம்பளை டாக்கீஸ் வாசப்படி மிதிச்சவ இல்ல. மிதிச்சான்னு சொல்லு பாப்போம். இத்தனை பேர் சாட்சி, அத்தனை பெஞ்சியையும் இப்பவே எடுத்துக்கினு போ."

சவரியம்மாளுக்கு நாக்கின் நுனியில் இருந்தது. மற்றவர்களுக்குப் பிரதோஷம் மாதத்துக்கு இரண்டு. அவர் மனைவி செல்லாயிக்கு மட்டும் வாரத்துக்கு ஒன்று. தூணோரத்தில் உட்கார்ந்து, சிரிப்புக் காட்சிக்கும் அழுவாள். அங்கே மட்டும்தான் அழ முடிகிறது என்று ஒருநாள் சொல்லியும் இருக்கிறாள்.

அடுப்படி வாசலில் செல்லாயி கரண்டியோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. டைப் அடிக்கிற பிள்ளைகள் சவரியம்மாளின் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். கூரை வரும், திரை வரும், சந்து வாசல் வரும். சவரியம்மாள் மாதாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"செல்லாயிக்காவா? அது எங்க மாமா வந்துச்சி? அந்தப் பக்கம் நான் பாத்ததே இல்ல."

"தட் ஈஸ் ஆல்!" என்றார் தேவநாதன். ஜெயித்த சந்தோஷத்தில் பிள்ளைகளைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். சவரியம்மாள் படியிறங்கத் திரும்பினாள்.

"அது பொய் சொல்லுது."

செல்லாயி கரண்டியை ஜன்னல்கட்டையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நான் போனேன். தூணோரமாத்தான் ஒக்காருவேன். ஒரு படம் வுட்டதில்ல."

தேவநாதன் மறுபடி கையை உயர்த்தினார். செல்லாயி அவரைப் பார்க்கவேயில்லை. முதல் பெஞ்சிலிருந்த மெஷினைத் தூக்கி, பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில் வைத்தாள். "கெட்டியா புடிச்சிக்கம்மா." பிறகு வாசல் பக்கத்து முனையைத் தூக்கினாள். பெஞ்சு எழும்பிவிட்டது.

"சொன்னா எடுத்துக்கினு போன்னாரு இல்ல? இன்னா பாத்துனு நிக்கிற சவரி, அந்தப் பக்கம் புடி."

சவரியம்மாள் திரும்பி வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செல்லாயியின் தோளைத் தொட்டு அவளை அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, படியில் பின்னால் நடந்து இறங்கவேண்டிய முனையைத் தான் வாங்கிக்கொண்டாள்.