புல் வளர வேண்டிய பாத்தி

சில வருடங்களுக்கு முன்பு, நிவித்திகலைக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, விவசாய மருந்துக் கம்பெனி ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிப்போட்ட நிலத்தில் போஞ்சிச் செடி நட்டு, களைக்கொல்லிகளைப் பரிசோதிக்க வேண்டும். பாத்திக்குப் பாத்தி வேறு வேறு மருந்து. நடுநடுவே சில பாத்திகளில் மட்டும் மருந்தும் அடிக்கக்கூடாது, கையும் வைக்கக்கூடாது. புல் அதன் பாட்டுக்கு வளர வேண்டும். கடைசியில் எல்லாப் பாத்தியின் புல்லையும் வெட்டிக் காயவைத்து நிறுப்போம். சும்மா விட்ட பாத்தியோடு ஒப்பிட்டால்தான் எந்த மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று தெரியும்.

இதை நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "புல்லு வளக்கவா ஒனக்குச் சம்பளம்?" என்று பக்கத்து வீட்டுச் சித்தி கேட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்றே நினைத்துவிட்டார்கள். எனக்கோ அது விளையாட்டே இல்லை. பரிசோதனை ஒழுங்காக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கம்பெனி ஆபீசர் சொல்லியிருந்தார். அம்மாவைப் போல அட்டைக்கடி பட்டுக் கொழுந்து பறிக்காமல் இருக்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

புல்லை நிறுக்கும் நேரம் நெருங்கியபோது எனக்கு டெங்கு வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். கட்டிலில் கிடந்தபடி பாத்திகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். துண்டு வெட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, வாசலிலேயே சித்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஒன்னும் யோசிக்காத புள்ள. ஒன் வேலயெல்லாம் நாங்க முடிச்சிட்டோம்."

தள்ளாடிக்கொண்டே போய்ப் பார்த்தேன். சும்மா விட்டிருந்த பாத்திகள் அத்தனையும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, தங்கள் ஓய்வு நாளில், லயத்துப் பெண்கள் எல்லாம் புல் செதுக்கும் சுரண்டியோடு இறங்கியிருக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் புல்வெட்டுக்குப் போகிறவர்கள் நிரையில் கொஞ்சம் புல்லை விட்டுவிட்டால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார். பாதிச் சம்பளம் போய்விடும். முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிய பாத்திகளைப் பார்த்ததும், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு அரைப்பேர் விழுந்துவிடுமே என்று பதறியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. பலவீனத்தில் அழுகிறேன் என்று நினைத்துச் சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் ஆபீசர் வந்தார். பாத்திகளைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முன்னால் போய், நல்ல சிங்களத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். "மாத்தியா, புள்ளைக்குச் சொகமில்ல. அதான் நாங்க செஞ்சோம். ஒரு புல்லு மிச்சம் வைக்கல. அவளுக்கு முழுப்பேரு போடுங்க" என்பதுதான் அதன் சாரம்.

பிடுங்கிய புல் எங்கே என்று அவர் கேட்டார். சித்தி தன் மாட்டைக் காட்டினார். அது சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு எங்களையே பார்த்தது. ஆபீசர் மாட்டைப் பார்த்தார், சித்தியின் கீறல் விழுந்த கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முழுப்பேரே போடுகிறேன் என்று சித்தியிடம் சொன்னார்.

ஜீப்புக்கு நடக்கும்போதுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். இந்தப் போகம் வீண், நிரந்தர வேலையைப் பற்றி இப்போது பேச முடியாது, மேலிடத்தில் கேட்டு இன்னொரு போகம் வாங்கித் தரப் பார்க்கிறேன் என்றார். ஏறப்போனவர் திரும்பி, அவர்களிடம் இதைச் சொல்லாதே என்றார். அந்த மனிதரை அதற்காகவே இன்றும் எனக்குப் பிடிக்கும்.

சொன்னபடியே வாங்கியும் தந்தார். மறுபடி போஞ்சி நட்டபோது சித்தியிடம் பட்டும்படாமல் சொன்னேன்: "சித்தி, இந்தத் தடவ அந்தப் பாத்தியெல்லாம் அப்புடியே கெடக்கட்டும். கம்பெனியில புதுசா அப்புடிச் சொல்லியிருக்காங்க."

சித்தி என் முகத்தைப் பார்த்தார். "புதுசா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் போகம் முழுவதும் சித்தி தன் மாட்டை அந்தப் பக்கம் அவிழ்த்து விடவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது பார்க்கிறேன், வேலைவிட்டு வந்த களைப்போடு பாத்தி ஓரத்தில் நின்று, யாருடைய ஆட்டையோ கல்லெறிந்து விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு புல்லுக்குக் கேடு வந்தாலும் தோலை உரித்துவிடுவேன் என்று ஆட்டுக்காரிக்கு வேறு ஏச்சு. புல் நிறுத்த அன்று சாக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "இப்ப நல்லா வளந்திருக்கா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் எல்லாம் தெரிந்துதான் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வேலை நிரந்தரமாகி, இப்போது எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போய்ப் பாத்தி போடுகிறேன். எந்த ஊரில் எந்தப் புல்லை நிறுத்தாலும், எனக்காக ஓய்வு நாளில் குனிந்து பிடுங்கி, மாட்டின் வயிற்றுக்குள் போன அந்தப் புல்லைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதற்கு ஈடான கனம் இதுவரை என் தராசில் விழுந்ததில்லை.