கூரைக்கு எழுதிய கடிதங்கள்

பிச்சை கேட்கிறவருக்காவது எதிராளி முகம் தெரியும். நன்கொடைக் கடிதம் எழுதுகிறவருக்கு அதுகூடக் கிடையாது. கோயில் கமிட்டி, பள்ளிக்கூடம் என்று எங்காவது இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்குக் கூடப் பிறந்தவர்கள் மாதிரி.

பைக்காரா போகிற வழியில் ஒரு எஸ்டேட் பிள்ளைக்காப்பகத்தில் நான் ஆயா. நிர்வாகம் கைவிட்டபின் கொழுந்து பறிக்கிற தாய்மார்களே சேர்ந்து நடத்துகிறார்கள். தகரக் கூரை மக்கிப்போச்சு. ஆனி மழைக்குள் மாற்றாவிட்டால் பிள்ளைகளை விட இடமில்லை. பிள்ளையோடு போனால் மேஸ்திரி வேலை தரமாட்டார். அஞ்சாவது படித்த பாவத்துக்குக் கடிதம் என் தலையில் விழுந்தது.

நாலு மூலை மஞ்சள்

நல்ல காரியமாச்சே என்று கவர்களுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பினேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். கவர் முதுகில் இருந்த நம்பரைப் பார்த்துத் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். பிரித்தே பார்க்கவில்லை.

"ஏனுங்க, நூத்தியொரு ரூபா அனுப்பீட்டனுங்க. முகூர்த்தத்துக்கு வர முடியாதுங்க, பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கோணும்."

போட்டோ

பிள்ளைகள் படம் வைத்தால் மனசு இளகும் என்றார் கடிதத்தை டைப் அடித்துத் தருகிறவர். போட்டோ என்றால் தாய்மார்கள் சும்மா விடுவார்களா? பவுடர், பொட்டு, புது ஸ்வெட்டர். செல்வி பக்கத்து லயத்து வீட்டில் கவரிங் கம்மல் இரவல் வாங்கி மகளுக்கு மாட்டிவிட்டாள். கோயமுத்தூர் அம்மா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் பேசினார்.

"அந்தக் கம்மலை வித்தாலே கூரை போட்டுரலாமேம்மா."

ஊஞ்சல்

குன்னூர் பங்களாக்காரர் ஒருவர் மட்டும் நேரிலேயே வந்தார். ஓட்டையை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார். மறுவாரம் லாரியில் ஓர் இரும்பு ஊஞ்சல் வந்தது, அவர் அப்பா பேர் பொறித்து. கூரை என்ன ஆச்சு என்று போனில் மெதுவாகக் கேட்டேன்.

"கூரையில பேரு எழுதினா யாரும்மா பார்ப்பாங்க?"

ஆனி

மழைக்கு முன்னால் வந்த காற்று பகலிலேயே தகரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, பிள்ளைகளை ஊஞ்சல் ஆட வெளியே விட்டிருந்தேன். மகளை விட இடமில்லாமல் செல்வி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் இன்னொரு கடிதம் ஆரம்பித்தேன். செல்வி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் படித்தாள்.

"ஒழுகுதுன்னு எழுதாதீங்க ஆயாம்மா. ஒழுகறதுக்குக் கூரை வேணுமில்ல."

கஷ்டத்தை எழுதினாலும் படிக்கிறவர் காபி ஆறிப்போகாத அளவுக்கு அளந்துதான் எழுத வேண்டும் என்று கற்றுக்கொண்டேன், மழைக்குத்தான் அந்த அளவு தெரியவில்லை.