ஆட்டுப்பால் சவர்க்காரமும் ஒரு கை சீனியும்

என் மாமியாரை நான் ஒரு தடவை அடித்திருக்கிறேன். கையில்தான், அதுவும் ஒரே ஒரு அடி. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயவீடுகளில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடித்தேன். பூனாகலைப் பக்கம் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சவர்க்காரம் செய்கிறவள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காம்பரா வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மாமியார், பள்ளிக்கூடம் போகிற என் மகள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மாமியார் மலையில் கொழுந்து எடுக்கிறவர். கொழுந்து எடுக்க ஒரு கை போதாது. இரண்டு கையும் ஒன்றுபோல ஓட வேண்டும். அவர் கைகள் ஓடுகிற வேகத்துக்குப் பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் ஈடு கொடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியும் என்பதும் தெரியும். காலையில் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போதே அந்த மிதப்பு முகத்தில் இருக்கும்.

பால்மா கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருஷம் இரண்டு ஆடுகள் வாங்கினோம். அந்த வருஷம் சீனியும் கிடைக்கவில்லை. எங்கள் லயத்தில் பால் சேர்க்காத சாயத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்குவது விருந்தாளிக்கு மட்டும்தான். மற்றபடி உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மிடறு. அப்படிக் குடித்தால் சீனியும் மிச்சம், ருசியும் கூட. மாமியார் கொஞ்சம் தாராளமாகவே கையில் கொட்டிக்கொள்வார். ஒருநாள் எந்தக் கடையிலும் சீனி இல்லாமல் திரும்பி வந்த எரிச்சலில், "கொஞ்சமா எடுங்க அத்த," என்றேன். அவர் டின்னை மூடி வைத்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். மறந்தது நான் மட்டும்தான் என்று அப்போது தெரியாது.

நிலைமை சீரானதும் ஆட்டுப்பால் மிஞ்ச ஆரம்பித்தது. லயத்தில் ஆட்டுப்பாலை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, வாடை அடிக்கிறது என்பார்கள். அந்தச் சமயம் வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வருகிற எல்ல டவுனில் ஒரு தங்குமிடத்துக்குத் துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்த அம்மா ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டி, இது ஆட்டுப்பாலில் செய்த சவர்க்காரம், வெள்ளைக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள், நீ செய்தால் என் அறைகளுக்கெல்லாம் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். போனில் ஒரு வீடியோவும் போட்டுக் காட்டினார். அதை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன்.

பாலை ஐஸாக்க வேண்டும். எங்களிடம் ஏது பிரிட்ஜ்? சந்திக் கடைக்காரரிடம் பால் பையைக் கொடுத்து ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைக்கச் சொல்வேன். "என்னா புள்ள, ஆட்டுக்கு ஐஸ்பழமா?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. ஐஸான பாலை ஒரு பேசினில் உடைத்துப் போட்டு, அதில் கோஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். சோடா விழுந்ததும் ஐஸ் கொதிக்கிற மாதிரி சூடு ஏறும். அவசரப்பட்டால் பால் கருகிவிடும். என் முதல் பானை கருவாட்டுக் குழம்பு நிறத்தில் வந்தது, மணமும் அதற்குக் குறைவில்லை. பிறகு தேங்காயெண்ணெயை ஊற்றி, கை ஓய்கிற வரை கிளறி, கூழ் பதம் வந்ததும் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்த பெட்டிக்குள் எண்ணெய்த்தாள் விரித்து ஊற்றினால் மறுநாள் கட்டியாகிவிடும். வெட்டி, ஒரு மாதத்துக்கு மேல் காயவைக்க வேண்டும்.

"குடிக்கிற பால யாராச்சும் குளிக்கிறதுக்கு ஊத்துவாங்களா? ராணியாடி நீ?" என்பார் மாமியார். ஆனால் மூன்றாவது பானையில் வந்த கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு குளிக்கப் பீலிக்குப் போனவர், திரும்பி வரும்போது முழங்கையை மோந்துகொண்டே வந்தார். நான் பார்த்ததைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

அந்தக் கோஸ்டிக் சோடா என்னவென்று மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. தோலைத் தின்னும், கண்ணில் பட்டால் கண் போகும் என்று சொன்னால் அன்றைக்கே அதைச் சாக்கடைக் கானில் கொட்டியிருப்பார், என் சவர்க்காரமும் அதோடு போயிருக்கும். கேட்டதற்கு, "அது சவுக்கார உப்பு அத்த," என்று சொல்லி வைத்தேன். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. எங்கள் மலையில் மூட்டம் ஓயாது. சோடா ஈரத்தைக் குடித்து இளகிவிடும் என்பதால் காற்றுப் போகாத டின் தேவைப்பட்டது. காற்றுப் போகாத டின் என்றால் எங்கள் வீடுகளில் ஒன்றுதான், பிள்ளைக்கு வாங்கின பால்மா டின். என் மகளுடைய டின்கள் இரண்டு மிச்சம் இருந்தன. ஒன்றில் சீனி. மற்றதில் சோடாவைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். இரண்டும் ஒரே மஞ்சள் டின், உள்ளே இருப்பதும் ஒரே வெள்ளைக் குருணை. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே கைநீட்டத் தோன்றுகிறது.

அன்று பின்னேரம் ஐஸ் பாலைக் கொண்டுவந்து பேசினில் போட்டு, சோடா டின்னை எடுத்துச் சமையல் மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து அளந்து முடிக்கவில்லை, வெளியே சத்தம். ஆடு கட்டை அறுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பரா அக்காவின் போஞ்சிப் பாத்திக்குள் இறங்கியிருந்தது. அந்த அக்கா நல்லவர்தான், ஆனால் போஞ்சி விஷயத்தில் இல்லை. மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு ஓடினேன். ஆட்டை இழுத்துக் கட்டி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினால், மாமியார் மலையிலிருந்து வந்துவிட்டிருந்தார். கூடையை இறக்கி, பீலியில் கைகால் கழுவி, வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் சாயத்தண்ணி. இடது உள்ளங்கையில் ஒரு சின்னக் குவியல். பக்கத்தில் திறந்த மஞ்சள் டின்.

எந்த டின் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. சீனி டின் அடுப்புத் தட்டிலேயே இருப்பது வாசலிலிருந்து தெரிந்தது. உள்ளங்கை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. கத்த நேரமில்லை. எப்படி ஓடினேன் என்று தெரியாது. அந்தக் கையை ஓங்கி அடித்தேன்.

வெள்ளைக் குருணை இஸ்தோப்பு முழுக்கச் சிதறியது. சாயத்தண்ணி அவர் சேலையில் கொட்டியது. வரிசையாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சனம் அப்படியே உறைந்துவிட்டது. மருமகள் மாமியாரை அடித்துவிட்டாள்.

மாமியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "சீனிக்காடி?" என்றார். "ஒரு கை சீனிக்காடி என்னைய அடிச்ச?"

 அந்த வரிசை வருஷத்தில் எரிச்சலில் சொன்ன ஒரு வார்த்தையை இவர் இத்தனை காலமும் வைத்திருந்திருக்கிறார். அவர் அந்தக் கையை இறுக மூடிக்கொண்டு எழுந்தார். மூடின கைக்குள் ஈரம் இருந்தது, அந்த ஈரத்தில் ஒட்டின சோடாவும் இருந்தது.

"அத்த, கையத் தொறங்க."

"போடி அங்குட்டு."

"தொறங்க அத்த. பீலிக்கு வாங்க."

"ஏன், கையில ஒட்டுனதையும் வழிச்சு டின்னுல போடணுமா?" என்று கேட்டுவிட்டு, மூடின கைக்குள் விரல்களைத் தேய்த்தார். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. "என்னாடி இது, வழுவழுன்னு இருக்கு? சவுக்காரம் போட்ட மாதிரி."

அந்த வழுவழுப்பு என்னவென்று எனக்குத் தெரியும். வீடியோவில் செய்து காட்டிய பெண் எச்சரித்த இடம் அதுதான். சோடா எண்ணெயையும் கொழுப்பையும் சவர்க்காரமாக்கும். அது தேங்காயெண்ணெயா, மனுசத் தோலா என்று அதற்குப் பேதம் தெரியாது. என் மாமியாரின் கை என் கண் முன்னால் சவர்க்காரமாகிக்கொண்டிருந்தது. முதலில் வலிக்காது. வலிக்க ஆரம்பிக்கும்போது தோல் போயிருக்கும்.

"அது சீனி இல்ல," என்றேன். "விஷம். கையத் தின்னுரும். நாந்தான் வச்சேன். உங்ககிட்ட நாந்தான் மறைச்சேன்."

லயம் முழுக்கக் கேட்டது. அவர் கையைத் திறந்தார்.

மணிக்கட்டைப் பிடித்துப் பீலிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் பீலியில் மலைத்தண்ணீர் இரவும் பகலும் நிற்காமல் விழும். குளிர் எலும்பில் ஏறும். அதுவரை அந்தக் குளிரை நான் திட்டாத நாளில்லை. அன்று அதற்குக் கீழே அந்த உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். போஞ்சிக்குச் சண்டை பிடித்த அக்கா தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார். இன்னொருவர் பற்பசையோடு வந்தார். ஒருவரையும் கிட்ட விடவில்லை. "தண்ணி மட்டுந்தான்," என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் வலி வந்தது. மாமியார் கத்தவில்லை. என் தோளைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். அரைமணி நேரத்துக்கு மேல் அப்படி நின்றோம். உள்ளங்கை நடுவில் ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவு வெள்ளையாய் ஊறிப்போயிருந்தது.

ஓட்டோ பிடித்துப் பண்டாரவளைக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி என்ன நடந்தது என்று கேட்டதும், நான் வாயைத் திறக்குமுன் மாமியார் சொன்னார்: "சுடுதண்ணி கொட்டிருச்சு மிஸ்ஸி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.  என்னை ஏன் காப்பாற்றுகிறார்? நான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திரும்பவும் நீண்ட நேரம் கழுவச் சொன்னார், மருந்து போட்டார், அதிகம் திட்டவில்லை. திரும்பி வரும் வழியில் மாமியார்தான் திட்டினார். "கேட்டா சுடுதண்ணின்னு சொல்ல வேண்டியதுதானே? எம்மவன் காதுக்குப் போனா ஆடும் இருக்காது, உன் சவுக்காரமும் இருக்காது."

மாமியார் ஒரு மாதம் மலைக்குப் போகவில்லை. பிறகு வலது கையால் மட்டும் எடுத்து, அரைநாள் சம்பளமான அரைப்பேருக்கு வந்தார். அந்த மாதங்களில் அவர் மலையிலிருந்து வரும் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. பக்கத்து நிரைக்காரிகள் அவரை முந்திக்கொண்டு போனார்கள். கை நல்லபடியாக ஆறிவிட்டது, விரல்கள் மடங்குகின்றன, இப்போது இரண்டு கையும் ஓடுகிறது. முன்னைப்போல என்று நான் சொல்ல மாட்டேன், அவர் சொல்கிறார். நடுவில் மட்டும் தோல் பளபளவென்று, ஒரு கோடும் இல்லாமல் இருக்கிறது. "ரேகை பாக்கிறவன் வந்தா முழிச்சுக்கிட்டு நிப்பான்," என்று அதற்கும் ஒரு கேலி.

சோடா டின்னுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஆட்டுக் கொட்டிலில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைத்தேன். பூட்டு மாமியார் வாங்கி வந்தது. சாவியும் அவரிடம்தான். சவர்க்காரம் செய்கிற நாளில் கேட்டு வாங்கி, முடித்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அவர் சீனியைத் தொடவில்லை. வெறும் சாயத்தண்ணியைக் குடித்தார். பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால் தினமும் அவர் கண் முன்னால் டின்னைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் போட்டுக்காட்டிவிட்டு நீட்டினேன். முதல் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். நான் ருசி பார்ப்பேன், அவர் காத்திருப்பார், பிறகு போடுவேன். எப்போதும் கொஞ்சமாகத்தான் வாங்கிக்கொள்வார், வரிசை வருஷத்தில் நான் சொன்ன மாதிரியே. போதும் என்று விரல்களை மடக்கிவிடுவார்.

போன மாசி மாதம் ஒருநாள் மகளின் பள்ளிக்கூடக் கதையைப் பேசிக்கொண்டே அவர் கையில் சீனியைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, ருசி பார்க்கவில்லை.  என்னை அறியாமல் என் கை மேலே போய்விட்டது, அன்றைக்குப் போன அதே கை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே உள்ளங்கையை நக்கினார்.

"சீனிதான்டி," என்றார்.

நான் தூக்கின கையோடு நின்றேன். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, கோடில்லாத அந்த உள்ளங்கையை மறுபடியும் என் முன்னால் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் போடு."