கொழுந்தனாரின் கோபம்

மேசைமேல் கடம்பூர் போளிப் பொட்டலம் கிடக்கிறது. நெய்யும் ஏலக்காயும் கலந்த மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. என்னைப் போன்ற சர்க்கரை நோய்க்காரிக்கு ஆகாத பண்டம். கொண்டுவந்தவருக்கும் அது தெரியும். ஆனாலும் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக அவருக்கு வராது. வந்தவர் என் கொழுந்தனார், வீட்டுக்காரரின் தம்பி. காலையில் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவர் போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களிடமாவது சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. அண்ணன் பெண்டாட்டி கொழுந்தனை எவ்வளவு வேண்டுமானாலும் வாரலாம். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விரட்டிப்போய் ஊற்றலாம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே தவிர, தப்பாக நினைக்க மாட்டார்கள். மாமனாரிடம் மட்டும் வாயைத் திறந்துவிடக் கூடாது. பசுவந்தனைப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்த புதிதில் இந்த எல்லை எனக்குப் பிடிபடவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று ஒருநாள் மாமனார் சொன்னார். என் சமையல் அன்றும் இன்றும் அப்படித்தான். "உப்பளம் தூத்துக்குடிலதான மாமா இருக்கு, ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வீடே அடங்கிப் போனது. கதவுக்குப் பின்னால் ஒருத்தர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி இருமினார். கொழுந்தனாரை நான் நன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பிக்கு அடுத்தடுத்த புஞ்சைகள் வந்தன. எங்கள் புஞ்சைக்குப் போக வேண்டுமென்றால் அவருடைய புஞ்சை ஓரமாகத்தான் வண்டிப் பாதை. கரிசலை மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விழுந்துவிட்டால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும்தான் திருப்பித் தரும். வண்டி தடத்தில் போக முடியாமல் ஒதுங்கி ஒதுங்கி அவருடைய பயிருக்குள் ஏறிவிடும். வருஷம் தவறாமல் இதே சண்டை. முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைப்பேன் என்பார் தம்பி. அடைத்துப் பார் என்பார் அண்ணன். அடைத்தால் எங்கள் புஞ்சை தரிசு. அதைவிட எனக்குப் பெரிய பயம், இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போய்விடுமே என்பது. அப்படி அற்றுப்போய், சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத உடன்பிறந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை. பாசிப்பயறு முளைத்து இரண்டு இலை விட்டிருந்த சமயம். முந்தின நாள் எங்கள் வண்டி அதில் ஏறி இறங்கிவிட்டது. கொழுந்தனார் அரிவாளோடு வாசலில் வந்து நின்றார். முள் வெட்டப் போகிற வழியில்தான் வந்தேன் என்று பின்னால் சொன்னார். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

"மதினி, அண்ணன் எங்க? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் போவேன்."

என் கண் அரிவாளை விட்டு நகரவில்லை. ஆனால் வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

"கொஞ்சம் பொறுங்க கொழுந்தனாரே. இப்பத்தான் நல்லெண்ணெய உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சிட்டு உக்காந்திருக்காவ. இப்பப் பிடிச்சா வழுக்கிருவாவ. குளிச்சிட்டு வரட்டும், பெறவு வெட்டுங்க."

அந்நேரம் பார்த்து, "ஏட்டி, யாரு அங்கன?" என்று கேட்டுக்கொண்டே இவர் கோவணத்தோடு புறவாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் எண்ணெய், மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தொங்குகிறது. கொழுந்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தார். முடியவில்லை. மீசை துடித்தது. நான் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. அரிவாளை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, சீயக்காய்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"அந்தக் கோவத்தோடயே போயி உங்க அண்ணன் முதுகத் தேச்சு விடுங்க. எனக்குக் கை எட்ட மாட்டேங்கு."

போய்த் தேய்த்தார். சும்மா தேய்க்கவில்லை. "ஏலே, தோலு உரியுதுலே!" என்று அண்ணன் கத்த, "எம் பயிரும் இப்படித்தான உரிஞ்சிருக்கும்" என்று தம்பி சொல்ல, நாலு செம்புத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் பாதையில் இரண்டு வண்டி சரளைக்கல் தட்டிக் கெட்டிப்படுத்துவது என்று முடிவாகிவிட்டது. நான் அடுக்களையில் தோசைக்கல் முன்னால் நின்றேன். முதல் தோசையைத் திருப்ப மறந்து கருகவிட்டேன். வெளியே சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம மதினி மாதிரி சிரிப்புக்காரி உண்டுமா" என்று அவர் சொல்வது கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துதான் சொன்னேன் என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. மழைக்கு மழை இதுதான். வரப்புக்கு ஒரு கேலி, மாடு மேய்ந்ததற்கு ஒரு கேலி. நடுவில் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளும் தாராளமாகக் கோபப்பட்டார்கள். களையெடுத்த அலுப்பு என்றால்கூட உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். சிரிக்க வைக்கிறவள் சோர்ந்து போனாள் என்று சொன்னால் அதையும் கேலி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு உண்மையிலேயே அலுத்துப் போயிருந்தது.

வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த முறையும் தானாக நின்றது. யாரும் தடுக்கவில்லை. ஒரு காதுகுத்து வீட்டில் பழக்கதோஷத்தில் கொழுந்தனாரைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் இருந்தால்தான் கொழுந்தனைக் கேலி செய்யலாம் போலிருக்கிறது. அன்றோடு நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். பிறகு ஊரை விட்டுக் கோவில்பட்டிக்கு இந்த வாடகை வீட்டுக்கு வந்தாயிற்று.

இப்போது என் மகனுக்கும் கொழுந்தனார் மகனுக்கும் அதே பாதைதான் பிரச்சினை. சென்னையில் இருக்கும் என் மகன் புஞ்சையைச் சோலார் கம்பெனிக்குக் கொடுக்க நினைக்கிறான். அதற்கு லாரி போகிற அகலத்துக்குப் பாதை வேண்டும். அவர் மகன் கொடுக்க மாட்டேன் என்கிறான். இருவரும் ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. "சரிண்ணே, வக்கீல் வச்சுப் பாத்துக்கிடுவோம்" என்று போனில் அத்தனை மரியாதை. வாசலில் வந்து கத்துகிறவனை எதையாவது சொல்லி உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கலாம். மரியாதையாகப் பேசிவிட்டு போனை வைக்கிறவனை என்ன சொல்லி வார?

அதைச் சொல்லத்தான் கொழுந்தனார் இன்றைக்கு வந்திருந்தார்.

"நேத்து எம் மவன் கல்லு ஊனி, கம்பி வேலி கெட்டிட்டான் மதினி. எம் பேச்சு எடுபடல."

"நீங்க சத்தம் போடலயா?"

"யாருகிட்ட போட? அண்ணன் இருந்தா வாசல்ல வந்து நின்னு ஒரு மூச்சு கத்திட்டாவது போயிருப்பேன்."

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கோபத்துக்குப் பயந்து வருஷக்கணக்காகச் செத்துச் செத்துப் பிழைத்தேனோ, அதில் ஒரு சொட்டாவது மிச்சம் இருக்காதா என்று தேடினேன். இருந்திருந்தால், முறையாவது ஒன்றாவது என்று நானும் எதையாவது சொல்லியிருப்பேன். ஒன்றுமே இல்லை. களைத்துப்போன ஒரு வயசாளி உட்கார்ந்திருந்தார். 

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்கு அது தெரிந்தது. அவருக்காக என் வாயில் எத்தனையோ கேலி ஊறிய காலம் உண்டு.

"பாத்துப் போங்க" என்றேன்.

அதை யாரும் யாருக்கும் சொல்லலாம். "சரி மதினி" என்று படி இறங்கிப் போனார்.