எதிர்க்கடை அக்கா

டீ கேட்டால் அக்காவின் கரண்டி எதிர்ப்பக்கம் நீளும். "டீ அங்க. இங்க சாப்பாடு மட்டும்தான்." பன் கேட்டால் அதே கரண்டி இடப்பக்கம் திரும்பி பேக்கரியைக் காட்டும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு மேஜையில் விழும். தோளில் கிடக்கும் துணியால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கடைப் பலகையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தெருவுக்கே அவர் எதிர்க்கடை அக்காதான்.

டீ போடத் தெரியாதவர் அல்ல. ஆரம்பத்தில் அவரே போட்டார், நன்றாகவே போட்டார். அப்போது இந்தத் தெருவில் திறந்திருந்தது அவர் கடை ஒன்றுதான். மற்ற ஷட்டர்கள் துருப்பிடித்து இறங்கிக் கிடந்தன. சாயங்காலமானால் ஜனங்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். எதிரே ஒருவர் டீக்கடை திறந்த அன்றே அக்கா தன் பாய்லரை அணைத்தார். அணைத்ததோடு விட்டாரா? அதைத் தூக்கி அவருக்கே கொடுத்தார்.

அடுப்புக்குப் பின்னால் காய் நறுக்கும் கணவருக்கு இதில் இன்றுவரை சம்மதமில்லை. "வந்த ஆளை அடுத்த கடைக்கு அனுப்பறதுக்கு நாம எதுக்குக் கடை வச்சிருக்கோம்?" என்பார்.

"ஒரு கை தட்டினா சத்தம் வருமாங்க? வெங்காயத்தைப் பாருங்க" என்று பதில் வரும்.

மாடியறையில் ஓவியம் வரையும் பெண்ணைக் குடிவைத்ததும் அக்காதான். பூட்டிய ஷட்டர்களில் ஆளுயரப் பறவைகள் வரையச் சொன்னார். "மூடின கடைன்னு தெரியக் கூடாது, அவ்வளவுதான். கலையெல்லாம் உன் இஷ்டம்." பறவை பார்க்க வந்த கூட்டத்தில் பாதி சாப்பிட உட்கார்ந்தது. ஒருவர் ஒரு பறவைக்காகவே அது இருந்த கடையை வாடகைக்கு எடுத்து பேக்கரி போட்டார். கடை திறந்ததும் பறவை ஷட்டரோடு சுருண்டு மேலே போய்விடுகிறதே என்று ஓவியருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

போன மாதம் வந்த ஆளுக்குக் கரண்டி எந்தப் பக்கமும் நீளவில்லை. அவர் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் கடையை வாடகைக்கு எடுக்கப்போகிறாராம். "நானும் சாப்பாட்டுக் கடைதான் போடறேன் அக்கா. உங்களுக்குச் சங்கடம்னா சொல்லுங்க, வேற தெரு பாத்துக்கறேன்."

"நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். உள்ளுக்குள் பயந்துபோனார். டீயையும் பன்னையும் விட்டுக்கொடுத்தது பெரிய விஷயமில்லை. சாப்பாடு போனால் பிழைப்பே போச்சு. அன்று மதியம் காய் அடிப்பிடித்தது. அக்கா கையில் அப்படி நடந்து கணவரே பார்த்ததில்லை.

மறுநாள் அந்த ஆளிடம், "எடுத்துக்கங்க. உங்களை விரட்டினா எனக்கு மிஞ்சப்போறது பூட்டின ஷட்டர்தானே" என்றார். "சொந்தக் காசுல சூனியம்" என்று கணவர் முணுமுணுத்தார்.

நேற்று அந்தக் கடை திறந்தது. மதியம் அக்கா கடையில் இடமில்லாமல் ஆட்கள் வெளியே நின்றார்கள். பக்கத்தில் அந்த மனிதர் புதுச் சட்டையோடு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். காலிக் கடைக்குள் முதல் ஆளாக நுழைய யாருக்கும் மனம் வரவில்லை. அக்காவுக்குச் சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். கொஞ்சம் சந்தோஷப்படவும் செய்தார், இல்லையென்று சொன்னால் பொய்.

பிறகு கரண்டியைக் கணவர் கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கினார். பக்கத்துக் கடைக்குள் போய், வாசலைப் பார்த்த மேஜையில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தார். தட்டு வந்தது. ஒரு வாய் வைத்தவர், "உப்பு கம்மி" என்று அந்த மனிதருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அடுத்த வாய்க்கு, வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தி, "ஆகா, நல்லா இருக்குங்க! இன்னும் கொஞ்சம் வைங்க!" என்று தட்டை நீட்டினார்.