முதல் கயிறும் ஒரு போர்த்துகீசியத் தாளும்

அந்தத் தாளில் பூச்சி அரித்த ஓட்டைகள் பதினொன்று. லிஸ்பனில், பென்சில் தவிர வேறெதையும் அனுமதிக்காத ஆவணக் காப்பகத்து வாசிப்பறையில், நான் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருப்புக் கொள்ளாவிட்டால் எதையாவது எண்ணுவது சின்ன வயதிலிருந்தே எனக்கு உள்ள கோளாறு. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் எண்ணினேன். தாளில் இருந்ததை ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தேன்.

மதமும் வரலாறும் படிக்க என்னை அவ்வளவு தூரம் அனுப்பியவர் அப்பா. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில், கோயில் திருவிழாக் கொடியேற்றத்தின்போது, போர்த்துகீசியர் காலத்தில் முதலில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம்தான் முதல் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அது நாங்கள்தான் என்று அப்பா சொல்வார். இல்லை, நாங்கள் என்று மேலத்தெரு மாமா சொல்வார். இருவரும் நல்லவர்கள், ஆனால் திருவிழா நெருங்கினால் முகம் பார்க்க மாட்டார்கள். ஒரு வருடம் இவர்கள் சண்டை தீராமல், பங்குச் சாமியார் வெயிலில் நின்று மயக்கமே போட்டுவிட்டார். “பறங்கி எழுதி வைக்காம இருக்க மாட்டான். நீ போயி வாசிச்சிட்டு வா” என்பது அப்பாவின் முடிவு. என் வயதுப் பெண்கள் வேலைக்கு ஆகும் படிப்பாகத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் நானூறு வருடத்துக்கு முந்தைய கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

லிஸ்பனில் நான் நிம்மதியாக உட்கார்ந்த நாள் குறைவு. அறையில் இருந்தால் காப்பகத்துக்குப் போகத் தோன்றும், காப்பகத்தில் இருந்தால் வெளியே ஓடத் தோன்றும். மேடும் பள்ளமுமான தெருக்களில் கால் வலிக்க நடப்பேன். உப்புப் போட்டுக் காயவைத்த மீனைக் கடைகளில் அடுக்கியிருப்பார்கள். அந்த வாசனை வந்ததும் ஊர் நினைப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, “ஏளா, நம்ம வீட்டுப் பேரு கெடச்சுதா?” என்பார். இரண்டு வருடமாக இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

மூன்றாம் குளிர்காலத்தில், அந்தப் பூச்சி அரித்த தாளில் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெயர், எங்கள் வீட்டுப் பட்டப்பெயர், எல்லாம் தெளிவாக இருந்தன. எங்கள் முன்னோர், ஊருக்கு முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஊரைவிட்டு ஓடி, உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் ஒளிந்துகொண்டவர். ஆறு வருடம் கழித்து, மனைவி வற்புறுத்தியதால் திரும்பி வந்து ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கியவர். முதலில் முன்வந்து நின்றவராக எழுதியிருந்தது மேலத்தெரு மாமா வீட்டுப் பட்டப்பெயர்.

அந்த ஞாயிறு அப்பா கேட்டபோது, “பேரு இருக்குப்பா” என்றேன். பொய் இல்லை. ஆனால் அதற்கு மேல் வாய் வரவில்லை. அவர் சந்தோஷத்தில் போனிலேயே விம்மினார். ஆதாரம் அனுப்பச் சொன்னார். தாளின் படத்தையும், அதன் கீழே நான் தட்டச்சு செய்த போர்த்துகீசிய வரிகளையும் அனுப்பினேன். தமிழில் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் கரையில் யார் இதைப் படிக்கப்போகிறார்கள் என்ற திமிர்தான், வேறென்ன. அப்பா அதைப் பெரிதாக அச்சடித்துப் பங்குக் கூட்டத்தில் வைத்தார். பட்டப்பெயர் இருந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். கூட்டம் அப்பா பக்கம் சாய்ந்தது, முதல் கயிறு அவர் கைக்கு வந்தது. ஆய்வேட்டில் அந்தத் தாளை நான் சேர்க்கவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு, அதைத் தமிழில் வாசித்துக் காட்டு என்று அப்பா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா போன வருடம் இறந்தார். இப்போது நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறேன். போன மாதம் மேலத்தெரு மாமாவின் மகள் என்னைப் பார்க்க வந்தாள். நான் படித்த அதே படிப்புக்கு அவளுக்கு லிஸ்பனில் இடம் கிடைத்திருந்தது. காப்பகத்தில் எந்தத் தாள்கட்டுக்குள் எந்த ஆவணம் இருக்கிறது என்று கேட்டாள். காபி போடுகிறேன் என்று இரண்டு முறை எழுந்தேன்.

“இருங்கக்கா. ஒங்க அப்பா காட்டுன தாள்ல என்ன எழுதியிருந்துச்சின்னு எனக்குத் தெரியும்” என்றாள். “அப்ப நான் பத்தாப்பு. நீங்க அடிச்ச வரிய போன்ல போட்டுத் தமிழ்ல மாத்திப் பாத்தேன். அப்பாட்ட காட்டுனேன். அப்பா ஒங்க வீட்டுக்கு வந்து, ஒங்கப்பாட்ட மட்டும் சொன்னாவ.”

“எங்கப்பா என்ன சொன்னாவ?”

“கயித்த நீயே எடுத்துக்கன்னாவளாம். ஆனா எம்மவ பொய் சொன்னான்னு மட்டும் வெளிய சொல்லிராத, அவ படிச்சிட்டு வரட்டும்னாவளாம். திடீர்னு கயிறு கை மாறுனா ஊரு காரணம் கேக்கும்லா. அதான் எங்கப்பா, புள்ள படிப்பக் கெடுத்து எனக்குக் கயிறு வேண்டாம், நீயே பிடின்னுட்டாவ.”

நான் திரும்பி வந்த பிறகும் அப்பா எட்டுத் திருவிழாவுக்குக் கயிறு பிடித்தார். தன்னுடையது இல்லை என்று தெரிந்தே, ஊர் முழுக்கப் பார்க்க, எனக்காகப் பிடித்தார். அழுகை வந்தது, அவள் முன்னாலேயே அழுதேன். அப்புறம் அந்தத் தாள்கட்டின் எண்ணையும் தாளின் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

“அங்கன போனதும் முதல்ல இதப் படி. இருக்கத அப்படியே எழுது. இத மறைச்சது நாந்தான்னு எம்பேரையும் எழுது” என்றேன்.