கம்பு, கம்பம், கம்பி

என் கணவருக்கு ஷாக் அடித்த வாரம் நான் ஒரு பள்ளிக்கூட அகராதிக்குச் சொல் எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலச் சொல், அதற்கு நேரே கன்னடம், அதற்கும் நேரே தமிழ். வீட்டில் தமிழ் பேசிவிட்டுப் பள்ளியில் கன்னடத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கான அகராதி அது. கர்நாடக எல்லையில் ராமாபுரம், ஹனூர் பக்கம் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய. மாதத்துக்கு ஓர் எழுத்து என்று கணக்கு. நான் 'பி'யில் இருந்தேன்.

அவர் கணக்கு வாத்தியார். மைசூரில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் சார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலை ஆறு மணிக்கு நடக்கப் போவார். நாய்த் தொல்லைக்காகக் கையில் ஒரு கம்பு எடுத்துப்போவார், கட்டைவிரல் கனத்தில் ஒரு சவுக்குக் கம்பு. அன்றைக்கு விடியும்வரை மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது.

ஆறரை மணிக்கு எதிர்வீட்டுக்காரர் பைக்கில் வந்து வாசலில் நின்றபடி கத்தினார். "அக்கா, சாருக்குக் கரண்ட் அடிச்சிட்டுது. உசுரு இருக்கு. சீக்கிரம் வாங்க." நான் அடுப்பை அணைத்தேன். ஊற வைத்திருந்த புளியை மூடி வைத்தேன். புடவை மாற்றினேன். கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். அவ்வளவு நேரமும் பைக் உறுமிக்கொண்டே நின்றது. பிறகு எதிர்வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னாராம், அந்தம்மாவுக்குக் கல்மனசு என்று. இருக்கலாம். எனக்கு அப்போது மனசு என்று ஒன்று இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருகியிருந்தது. இதயத்துடிப்பு சீராகும்வரை ஐந்து நாள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் கண் விழித்துப் பேசினார். வீட்டை விட்டுக் கிளம்பியது தெரிகிறது, பால் பூத்தைத் தாண்டியது தெரிகிறது, அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை என்றார். வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சியே இல்லை. டாக்டர் ஊசியால் தொட்டுக் கேட்டார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல... இல்ல... இதுவும் இல்ல" என்றார், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி.

மூன்றாம் நாள் அகராதி ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். நடந்தது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் 'பி' வேண்டும் என்றார். சரி என்றேன். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தாளை எடுத்தால் அடுத்த ஆங்கிலச் சொல் 'போல்' (pole).

என் கைதான் எழுதியது. பூமியின் முனை என்றால் துருவம், கன்னடத்திலும் துருவம்தான். காந்தத்தின் முனை, அதுவும் துருவம். தெருவிளக்கு நிற்பது கம்பம். கொடி ஏறுவது கொடிக்கம்பம், எங்கள் கோயில் திருவிழாவில் ஏற்றினால் கொடிமரம். படகு தள்ளுவது கழி. அதை ஊன்றி உயரம் தாண்டினால் கோலூன்றித் தாண்டல். பெரிய எழுத்தில் தொடங்கினால் போலந்து நாட்டு மனிதர். கணக்குப் புத்தகத்தில் கம்பத்தின் நிழல் எத்தனை அடி என்று கேட்பார்களே, அந்தக் கம்பத்தையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமாக எழுதினேன். டிரிப் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் நின்று பார்த்தாள். எங்கள் கோயிலுக்கு வருகிற பெண்தான்.

"ஆன்ட்டி, இப்பவா இதெல்லாம்? அப்பறமா பண்ணுங்க பிடு" என்றாள். 'பிடு' என்றால் கன்னடத்தில் விட்டுவிடு. எங்கள் மைசூர்த் தமிழில் எல்லா வாக்கியமும் அதில்தான் போய் முடியும்.

"இன்னும் நாலு சொல்தான்" என்றேன்.

அவர் விழுந்து கிடந்தது தெருமூலை மின்கம்பத்தடியில்; அதனால் மின்சாரம் தாக்கியது கம்பத்தால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஐந்தாம் நாள் எதிர்வீட்டுக்காரர் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார். கரண்ட் ஆபீஸில் எழுதிய விசாரணைக் குறிப்பு, கன்னடத்தில். நேரில் பார்த்தவர் ஒரே ஆள், மூலையில் கீரை வண்டி போடுகிற பெண். அவள் சொன்னதாக எழுதியிருந்தது இது: சார் கையில் கம்பி வைத்திருந்தார், அது மின்கம்பத்தில் பட்டது, விழுந்தார். ஆகவே தவறு அவருடையது. கம்பத்தில் பழுது இல்லை.

கன்னடத்தில் கம்பி என்றால் இரும்புக் கம்பி. ஜன்னலில் இருக்கிற மாதிரி.

டிஸ்சார்ஜ் ஆகி நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கம்பி தெருவில் நன்றாக நீண்டிருந்தது. மாங்காய் பறிக்கப் போனார் என்று ஒருவர். கேபிள் ஒயரைக் கொக்கி போட்டு இழுத்தார் என்று இன்னொருவர். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "எதுக்கு சார் கம்பியெல்லாம்?" என்று அவரிடமே கேட்டார்கள். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது இடது கையால் கரண்டியைப் பிடித்தபடி என்னைக் கேட்டார். "ஏம்மா, நான் கம்பி ஏதாவது எடுத்துட்டுப் போனேனா?"

"உங்க கம்புதான் எடுத்துட்டுப் போனீங்க."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தேன். அதைச் சொன்னேன்.

"அப்ப எடுத்துட்டுப் போயிருக்கலாம். எழுதியிருக்காங்கல்ல. ஏதோ பைத்தியக்காரத்தனமா செஞ்சிருக்கேன்" என்றார். பிறகு ரசம் கேட்டார்.

முப்பது வருடமாக ஒரு பையன் விடைத்தாளில் விடை மட்டும் எழுதினாலும் வழிமுறை எங்கே என்று கேட்கிறவர். யாரோ எழுதிய விடையை அப்படியே எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அச்சுத்தாளில் தப்பாக ஒரு சொல் விழுந்திருப்பதைப் பார்த்தால் கை தானாகப் பேனாவைத் தேடுமே, அந்த அளவுக்குத்தான் இருந்தது.

மறுநாள் காலை கீரை வண்டிக்குப் போனேன். அவளுக்கு நாற்பது வயது இருக்கும், ராமாபுரத்துக்காரி. என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"சாரு எப்பிடி இருக்காருங்க? வந்து பாக்கோணும்னுதான் இருந்தனுங்க. நான் சொன்னதை வெச்சு சாரு மேலதான் தப்புன்னு எழுதிப்போட்டாங்கன்னு பேசிக்கிறாங்க, அதான் வாரதுக்குப் பயம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்ததைத்தானுங்க சொன்னேன். சாரு செருப்புல சேறு அப்பிக்கிச்சு. கையில இருந்த கம்பை என் வண்டி மேல சாத்தி வெச்சாரு. கம்பத்தைப் புடிச்சிக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னு செருப்பை ஒதறுனாரு. அவ்வளவுதானுங்க, கை அப்பிடியே ஒட்டிக்கிச்சு. வாயத் தொறக்கறாரு, சத்தமே வரல."

"அப்பறம்?"

"வண்டிக்கு மேல தார்ப்பாய் இருந்ததால கம்பு நனையாம இருந்துதுங்க. அதை எடுத்து அவரு கை மேல ரெண்டு போடு போட்டேன். ரெண்டாவது அடியிலதான் கை வுட்டுச்சு." அவள் தன் வண்டியைப் பார்த்தாள். "பெரிய மனுசரை அடிச்சுப்போட்டமேன்னு எனக்கு அப்ப ரெண்டு நாளு சோறு எறங்கலீங்க."

கம்பு எங்கே என்று கேட்டேன். கீரைக்கட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். துடைத்து வைத்திருந்தாள்.

அவளைக் கரண்ட் ஆபீஸுக்கு அழைத்துப்போக மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் வியாபாரம் கெடும் என்றாள். இரண்டாம் நாள் அதிகாரி இல்லை. மூன்றாம் நாள் வண்டியைப் பூக்காரியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு என்னோடு ஆட்டோவில் வந்தாள். வழியெல்லாம், "எங்கிட்டக் கையெழுத்துக் கேட்டா என்ன பண்றதுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போடத் தெரியுமா என்றேன். தெரியும் என்றாள், எதில் போடுகிறோம் என்றுதான் தெரியாது என்றாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு கன்னடத்தில், "இந்தம்மா சொன்னதைத்தானே எங்கள் ஆள் எழுதியிருக்கிறார்?" என்றார். எழுதிய இளைஞரையும் கூப்பிட்டார். அவர் வந்து, அந்தம்மா கம்பி என்றுதான் சொன்னார், என் காதால் கேட்டேன் என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் கையோடு கொண்டுவந்த கம்பை மேஜை மேல் வைத்தேன். "இது தமிழில் கம்பு. கன்னடத்தில் கோலு. வெளியே நிற்பது தமிழில் கம்பம், உங்களுக்குக் கம்ப. கம்பி என்பது இரும்பு. இந்தம்மா சொன்னது கம்பு, உங்கள் ஆளுக்குக் கம்பி என்று கேட்டதால் அதுதான் கம்பத்தில் பட்டது என்று எழுதிவிட்டார்." கன்னடத்தில்தான் சொன்னேன். அகராதியில் எழுதியது போலவே மூன்று வரியில் சொல்லி முடித்தேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது.

அதிகாரி கம்பைப் புரட்டிப் பார்த்தார். "இது கம்பு என்றே இருக்கட்டும். இதற்கு முன்னால் கையில் இரும்பு ஏதும் இல்லை என்று எப்படிச் சொல்வது?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். கீரைக்காரி அதுவரை கதவோரம் நின்றவள் மேஜைக்கு வந்தாள்.

"ஏனுங்க, அவரு கையில வேற எதுவும் இல்லீங்க. கம்பத்தைத்தான் புடிச்சிருந்தாரு. நான் அடிச்சது இந்தக் கம்பாலதான். இது இரும்பா இருந்திருந்தா நான் இன்னிக்கு இங்க நின்னு பேசுவனுங்களா? ரெண்டு பேரும் அங்கியே கெடந்திருப்போம்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. எழுதிய இளைஞர் தரையைப் பார்த்தார். புதுத் தாளில் அவரே மறுபடி எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் படித்துச் சொன்ன பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலையே இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். டெஸ்டரைக் கம்பத்தில் வைத்தபோது உள்ளே சிவப்பாக எரிந்தது. தெருவில் பாதிப் பேர் நின்று பார்த்தார்கள். மேலே பீங்கான் உடைந்து ஒயர் இரும்பில் உரசிக்கொண்டிருந்ததாம், மழை வந்தால் கம்பம் முழுக்கக் கரண்ட் இறங்குமாம். பள்ளிக்கூட வேன் தினமும் அங்கேதான் நிற்கும். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, யார் கண்டார்கள் என்பது போல இரண்டு கையையும் விரித்தார். ஒரு வாரத்தில் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு சிமெண்ட் கம்பம் நட்டார்கள். மாங்காய்க் கதை சொன்னவர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேறு, ஒற்றைக்கால், கீரைக்காரி போட்ட இரண்டு அடி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"செருப்புல சேறா?"

"ஆமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். டி.வி. போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். செய்தி ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது கையில் உணர்ச்சியில்லாத அந்த மூன்று விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரமாக அந்தக் கையை நான் தொடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மருந்து போட்டபோதுகூடப் பஞ்சுதான் தொட்டது. தட்டை நீட்டுவேன், சட்டையை நீட்டுவேன், விரல் படாமல் எடுத்துவிடுவேன். என்னை அறியாமலே பயந்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"தொட்டிருக்கியா?" என்றார். அவருக்குத் தெரியவில்லை.

"தொட்டிருக்கேன்" என்றேன். எனக்கும் அந்தக் கை, கடையில் வாங்கிவந்த ஏதோ ஒரு பொருள் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் செய்தி முடியும்வரை எடுக்கவில்லை.

இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி மெதுவாகத் திரும்பியது. நடுவிரல் அப்படியே இருக்கிறது. ஆடி முடிந்து அவர் பள்ளிக்குப் போகத் தொடங்கினார். சாக்பீஸ் அடிக்கடி நழுவுகிறதாம், முதல் பெஞ்சுப் பையன்கள் எடுத்துக் கொடுக்கிறார்களாம். அகராதியும் அச்சாகி வந்தது.

காலை நடையை மட்டும் அவர் விடவில்லை. இப்போது நானும் கூடப் போகிறேன். கம்பம் இருக்கிற இடத்தில் ஓரமாக நடக்க மாட்டேன் என்கிறார். ஒவ்வொரு கம்பம் வரும்போதும் நடுரோட்டுக்கு நகர்ந்து, அதைத் தாண்டியதும் மறுபடி ஓரத்துக்கு வருகிறார். ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் அவரோடு நகர்ந்தே நடக்கிறேன்.